உங்கள் தெருவைத் தேர்ந்தெடுக்கவும்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒருவனின் பல்லை உடைத்திருக்கிறேன். ஹெல்மெட்டால் அடித்தேன். முன்பல் தெறித்து ரோட்டில் விழுந்தது. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. நினைத்தால் இப்போதும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் வருத்தப்படுவது அதே நாள் சாயங்காலம் செய்த இன்னொரு காரியத்துக்கு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் போனில் படிப்பதற்கான ஆப்களை வடிவமைப்பது என் வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், பிள்ளை தப்பான விடை சொன்னால் போன் என்ன சொல்ல வேண்டும், மூன்று நாள் வராமல் போனால் எப்படிக் கூப்பிட வேண்டும், இதையெல்லாம் யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சென்னையில் பல வருடம் இதைச் செய்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். இங்கே ஒரு சின்ன நிறுவனம், ஒரு செருப்புக் கடையின் மாடியில், ஆறு பேர். அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்காக, கணக்குப் பழகும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தினமும் பத்துக் கணக்கு. சரியாகப் போட்டால் நட்சத்திரம்.

சோதித்துப் பார்க்க ஒரு ஊரைப் பிடித்தோம். கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், முந்திரிக்காடுகளைத் தாண்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஆர்வக்காரர். முதல் நாள் பிள்ளைகள் ஆப்பைப் போட்டிபோட்டுத் திறந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்றே பேர். மற்றவர்கள் எங்கள் நட்சத்திரத்தைச் சீந்தக்கூட இல்லை.

எங்கள் நிறுவனத்தை நடத்துகிறவர் திரையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, சுடுகாடு மாதிரி கெடக்கு?” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகும்போது மட்டும் ஆற அமரத்தான் போகும். மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன்.

வகுப்பில் நின்று, “அணி பிரிச்சு வெளையாடலாமா? எப்படிப் பிரிக்கலாம்?” என்று கேட்டேன். முன் பெஞ்சுப் பையன் எழுந்தான். “தெருத் தெருவாப் பிரிங்க மிஸ். கபடிக்கு அப்படித்தான் பிரிப்போம்.” வகுப்பே கத்தியது. கடைசி இரண்டு பெஞ்சு மட்டும் கத்தவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பச்சைப் பொய்.

எங்கள் பக்கத்தில் “எந்தத் தெரு?” என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். வாயைத் திறந்து சாதியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் எங்கள் ஊரில் ஊர்த்தெருக்காரி. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு யாரும் என்னைப் பார்த்து ஒதுங்கியதில்லை, டம்ளரை மாற்றியதில்லை. வலிக்காத இடத்தைத் தொட்டுப் பார்க்க எனக்கு எதற்குத் தோன்றப்போகிறது? “பிள்ளைகளே கேட்டார்கள்” என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அப்படி எழுதிக்கொண்டதை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மறுவாரம் ஆப்பைத் திறந்ததும் ஒரு பட்டியல் விழுந்தது. உங்கள் தெருவைத் தேர்ந்தெடுக்கவும். வடக்குத் தெரு, மேலத் தெரு, கீழத் தெரு, காலனி. நாலுக்கும் நாலு நிறம். எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகக் கணக்குப் போடுகிறார்களோ அந்தத் தெரு மதிப்பெண் பலகையில் மேலே ஏறும். கூடவே, தெருக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பேச்சுப் பெட்டி. தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லாப் போனுக்கும் ஒரு செய்தி. முதலிடத்தில் இருக்கும் தெருவுக்குக் கைதட்டல் சத்தத்தோடு, “சபாஷ்! உங்கள் தெருதான் முதலிடம்!” மற்ற தெருக்களுக்கு, இன்ன தெரு உங்கள் தெருவை முந்திவிட்டது என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சொல்: “விடலாமா?”

அந்தச் சொல் என்னுடையது. அரைநாள் உட்கார்ந்து, முப்பது வாக்கியம் எழுதி அடித்துவிட்டு, அதைக் கண்டுபிடித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர்கூட, நானும் சேர்த்துத்தான், ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. அந்த ஊரில் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குச் சொந்தப் போன் கிடையாது. போன் அப்பனுடையது, அண்ணனுடையது, சித்தப்பனுடையது. மாலை ஆறு மணிக்கு அந்தப் போன் டீக்கடையில் இருக்கும்.

ஆப் தீப்பிடித்ததுபோல ஓடியது. சாப்பிடும்போதுகூடப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். “பிச்சு ஒதறுதுங்க!” என்று நிறுவனத்துக்காரர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் பலகையில் காலனி முதலிடத்துக்கு வந்தது. வந்தது இறங்கவே இல்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவளை எனக்கு முதலில் தெரிந்தது ஒரு புகாரால்தான். “மிஸ், ஏழாவது கணக்குல ஒங்க விடை தப்பு. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்” என்று எழுதியிருந்தாள். எங்கள் விடை தப்புதான். பிறகு பள்ளிக்குப் போனபோது பார்த்தேன். ஒல்லியான பெண், கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் கூலிக்குப் போகிறவர். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்களில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. விரலை வைத்தால் போன் திறக்காது. அதனால் அந்தப் போனுக்குப் பூட்டே கிடையாது. அம்மா வேலை முடிந்து வந்ததும் பெண் அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து நாற்பது, ஐம்பது கணக்குப் போடுவாள்.

ஒரு நாள் கணக்கு வாத்தியார் போன் செய்தார். “மேடம், ஒங்க ஆப்புனால ஒரு பய முதுகெல்லாம் வரிவரியா வந்துருக்கான். வந்து பாருங்க.”

வடக்குத் தெருப் பையன். போன் அவன் அண்ணனுடையது. டீக்கடையில் அண்ணனின் போனில் “காலனி உங்கள் தெருவை முந்திவிட்டது. விடலாமா?” என்று வந்ததை எவனோ சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறான். அண்ணன் வீட்டுக்குப் போய், “அவளுக்குக் கீழயாடா நீ?” என்று கேட்டுக் கேட்டுப் பெல்ட்டால் அடித்திருக்கிறான். அதே வாரம் மேலத் தெருவில் ஒரு அப்பன் போனைத் துவைக்கிற கல்லில் போட்டு அடித்து நொறுக்கினான். பையனின் முதுகை நான் போய்ப் பார்த்தேன். தோல் பிய்ந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்கலாம். அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுவனத்துக்காரரிடம் சொன்னேன். “அடி எந்த வீட்டுலதாங்க இல்ல? பய இப்ப தெனமும் கணக்குப் போடுறான்ல?” என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனால் என் பலகை ஓடுகிறது என்ற பெருமை அந்த எரிச்சலை அமுக்கிவிட்டது. பேச்சுப் பெட்டியில் கெட்ட வார்த்தைகள் வர ஆரம்பித்திருந்தன. அதைச் சரிசெய்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

நானும், ஆப்பைச் சோதிக்கிற பெண்ணும் ஒரு முழுநாள் உட்கார்ந்து எங்களுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் தட்டினோம். அம்மாவை, அக்காவை, பிறப்பை, உறுப்பை இழுக்கிற எல்லாம். ஒவ்வொன்றையும் மூன்று நாலு விதமாக எழுதி அடைத்தோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இனி ஒரு பயலும் பேச முடியாது என்று பெருமையாகக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை காலையில் பேச்சுப் பெட்டியைத் திறந்தேன். அடிபட்ட பையனின் பெயரில் காலனிக்கு ஒரு வரி வந்திருந்தது. “கை இருந்தாத்தானடி கணக்குப் போடுவ?”

அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. எங்கள் சல்லடையில் அழகாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எழுதியது பத்தாவது படிக்கிற பையன் இல்லை, போனுக்குச் சொந்தக்காரன் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில், பிறகு பார்க்க வேண்டியது என்பதற்காக நாங்கள் வைத்திருந்த மஞ்சள் கொடியைப் போட்டேன். பிறகு ஒரு கூட்டம், ஒரு டீ. மறந்துபோனேன்.

மறுநாள் சனிக்கிழமை. பத்தாவதுக்குச் சிறப்பு வகுப்பு. பிள்ளைகள் ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காகப் போயிருந்தேன். மதியம் வகுப்பு விட்டதும் அந்தப் பெண் அம்மாவின் கொட்டகைக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றாள். நான் ஸ்கூட்டரை அவள் பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பொதுத்தேர்வு. “நூறு வாங்கிருவியா?” என்று கேட்டேன். “ஒங்க விடை தப்பா இல்லாட்டி வாங்கிருவேன்” என்றாள். எனக்குத் தெரிந்து அவள் செய்த ஒரே கிண்டல் அதுதான்.

இரண்டு பைக் வந்து நின்றது. மூன்று பேர். முன்னால் இறங்கியவன் அந்தப் பையனின் அண்ணன். கையில் உருட்டுக்கட்டை.

“ஏய், நீதான் பஸ்ட்டா?”

“ஆமா” என்றாள். தலையைக் குனியாமல் சொன்னாள்.

“எந்தக் கையால போட்ட?”

அவள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டை தலைக்கு வந்தது. வலது கையைத் தூக்கித் தடுத்தாள். முருங்கைக் கொம்பை ஒடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி முழங்கையில். அவள் கத்தவே இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கீழே விழுந்த பிறகும் அந்தக் கையைத் தேடித் தேடித்தான் அடித்தான்.

அப்போதுதான் நான் ஹெல்மெட்டால் அடித்தேன். இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு, அவன் வாயில். பல் போனது. இன்னொருவன் என் முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் உதைத்தான். எனக்கு எட்டியது அவன் மணிக்கட்டு. கடித்தேன். ரத்தம் உப்புக் கரிக்கிற வரைக்கும் விடவில்லை. எதிரில் டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். நான் “வாங்கய்யா, வாங்கய்யா” என்று கதறினேன். ஒருத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் நகரவில்லை.

காப்பாற்றியது பஸ். கண்டக்டர் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குதித்து, விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். மூன்று பேரும் பைக்கில் ஏறிப் பறந்தார்கள். கண்டக்டர் தன் துண்டால் அவள் கையைக் கட்டினார். “டிரைவரண்ணே, எங்கயும் நிறுத்தாத, நேரா ஆஸ்பத்திரி” என்று கத்தினார். ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு ஏறினேன். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் கிடந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு, முழங்கை மூட்டு நொறுங்கியிருக்கிறது, கம்பி வைக்க வேண்டும், விரல் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் கொட்டைக் கறுப்போடு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அழக்கூட இல்லை.

சரியாக ஆறு மணிக்கு அவர் மடியிலிருந்த போன் கைதட்டியது. சபாஷ்! உங்கள் தெருதான் முதலிடம்! வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே நொடியில் என் போனும் அதிர்ந்தது. சோதனைக்காக நான் வடக்குத் தெரு என்று பதிந்து வைத்திருந்தேன். காலனி உங்கள் தெருவை முந்திவிட்டது. விடலாமா?

அந்த ஊரில் அத்தனை போனிலும் இந்த நேரத்தில் இதே சொல் போயிருக்கிறது. இன்னும் எத்தனை பேர் கட்டையைத் தூக்குவார்கள்? வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். தெரு, பலகை, பேச்சுப் பெட்டி, ஆறு மணிச் செய்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழி என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். திரும்பப் பெற முடியாது, நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஆம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். வீட்டுக்குள் வந்த பாம்பை அடித்துப் போட்டதுபோல நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் என்னையும் அந்தப் பெண்ணின் அம்மாவையும் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அடித்தவர்கள் முந்திக்கொண்டு புகார் கொடுத்திருந்தார்கள். பைக் உரசி அந்தப் பெண் கீழே விழுந்துவிட்டாள், உதவி செய்யப் போனவனை நான் ஹெல்மெட்டால் தாக்கிப் பல்லை உடைத்துவிட்டேன் என்று. டாக்டர் சான்றிதழ் இருந்தது. டீக்கடையில் இருந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டியதும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “உரசவும் இல்ல, ஒண்ணும் இல்லங்கய்யா. கைய ஒடைப்பேன்னு மொதல் நாளே போன்ல எழுதிப் போட்டுட்டுத்தான் வந்துருக்கான். எம் மவ எனக்குக் காட்டுனா. இந்தா பாருங்க.”

எனக்கு அந்த நொடி வரைக்கும் அந்த வரி நினைவுக்கே வரவில்லை. அவர் ஆப்பைத் திறந்தார். தேய்ந்த விரலைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பலகை இல்லை. பேச்சுப் பெட்டி இல்லை. வெள்ளைத் திரையில் இன்றைய பத்துக் கணக்கு மட்டும் இருந்தது.

“எங்கம்மா இருக்கு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“நேத்து வரைக்கும் இருந்துச்சுங்கய்யா. சாமி சத்தியமா இருந்துச்சு.” போனைத் தட்டினார், உதறினார், என்னிடம் நீட்டினார். “மேடம், எடுத்துக் குடுங்க மேடம். எனக்குத் தெரியல.”

“நான் அழிச்சிட்டேன்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. நகல் இருக்குமே என்றார். எங்கள் சர்வர் தினமும் ஒரு முறை நகல் எடுக்கும், பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். நான் அழித்த ராத்திரியே அது நடந்து முடிந்துவிட்டது. போனில் எதுவும் தங்காது. ஏழைப் பிள்ளைகளின் போனில் இடத்தை அடைக்கக் கூடாது என்று அப்படிச் செய்யச் சொன்னவளும் நான்தான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

“நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க. சேத்துக்கிறேன்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “ஆனா மேடம், அவன் அப்படி எழுதுனான்கிறதுக்கு இப்ப அவங்க வீட்டு ஆளுங்கள விட்டா ஒங்க வாய் மட்டும்தான் சாட்சி. அவன் பல்லை ஒடைச்சதும் நீங்கதான்.”

எழுதிக் கொடுத்தேன். வாசலுக்கு வந்ததும் நிறுவனத்துக்காரர் போனில் வந்தார். “எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாமே! நல்ல காரியம் பண்ணீங்க. நம்ம பேரு வெளிய வராது.” நாங்கள் பட்டியல் போட்டு அடைத்த வார்த்தைகளில் பாதியை அவருக்கு அங்கேயே நின்று சொன்னேன். அத்தோடு அந்த வேலையும் போனது. அது கிடக்கட்டும்.

அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் கண் விழித்திருந்தாள். வலது கை தோளிலிருந்து கட்டுக்குள் இருந்தது. வெளியே தெரிந்த விரல்நுனிகள் ஊதிக் கறுத்திருந்தன. நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவன் எழுதியதை அழித்துவிட்டேன், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன் என்று சொன்னேன்.

“எங்க தெரு பஸ்ட்டு வந்தது இருக்கா?” என்று கேட்டாள்.

“அதுவும் போயிருச்சும்மா.”

“அதையும் நீங்கதான் அழிச்சீங்களா?”

“ஆமா.”

“அவன் கைய மட்டும்தான ஒடைச்சான்” என்றாள்.

நான் குனிந்து அவள் தலையைத் தொடப் போனேன். இடது கையால் என் கன்னத்தில் அறைந்தாள். பழக்கமில்லாத கை, ஆனாலும் காது அடைத்துப்போனது. மறுபடியும் ஓங்கினாள்.

அம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். “ஏன்டி, மிஞ்சுனது ஒத்தக் கை. அதையும் ஒடைச்சுக்கப் போறியா?” என்றார். கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு ஏறிய விரல்களால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி, மடக்கி, விரித்துப் பார்த்தார். நான் அங்கே நிற்பது அவர் நினைவிலேயே இல்லை.